பாடசாலைக்கு வராத பிள்ளையை யார் தேடிப் போவது?

ஒரு பிள்ளை படிப்பை விட்டு நிற்பது ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் திங்கட்கிழமைகளில் வராது. அப்புறம் மழை நாட்களில் வராது. ஒரு தவணைப் பரீட்சையில் இரண்டு பாடம் மட்டும் எழுதும். அடுத்த தவணையில் கடைசி வாங்குக்குப் போய்விடும். வகுப்பாசிரியரின் வரவு இடாப்பில் இத்தனையும் வெறும் கோடுகளாகத்தான் தெரியும். காரணம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இருக்கிறது. அம்மா வெளிநாட்டுக்குப் போய்ச் சில மாதம் ஆகிறது, அம்மாயிக்குக் கண் சரியாகத் தெரியாது, சப்பாத்து கிழிந்துவிட்டது, தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இது பக்கத்துக் காம்பராவில் இருப்பவருக்குத் தெரியும். தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளை மடுவத்தின் ஆயம்மாவுக்குத் தெரியும். கடன் கொப்பி எழுதும் கடைக்காரருக்கும் தெரியும். பாடசாலைக்குத்தான் கடைசியாகத் தெரிய வருகிறது. அதற்குள் பையன் புறக்கோட்டையில் ஏதோ ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறான்.

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவைத் தோட்டங்களில் படிக்கும் பிள்ளைகளைப் பற்றிய கவலை புதிதல்ல. ஆனால் அந்தக் கவலை பெரும்பாலும் புத்தகப் பை கொடுப்பதிலும் கொப்பி கொடுப்பதிலும் மேடை போட்டுப் படம் எடுப்பதிலும் முடிந்துவிடுகிறது. கொடுப்பவர்களின் மனதை நான் குறைசொல்லவில்லை. கொப்பி தேவைதான். ஆனால் பிள்ளை வகுப்பில் இருந்தால்தான் கொப்பிக்கு வேலை. லயத்தில் இருக்கும் செய்தி பாடசாலைக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும், பாடசாலையால் தனியே செய்ய முடியாததைத் தோட்டத்து மக்கள் கையில் எடுக்க வேண்டும். சமூகமும் பாடசாலையும் சேர்ந்து வேலை செய்வது என்று நான் இங்கே சொல்வது இதைத்தான். அது எப்படி நடக்கும், அதில் யார் யாருக்கு என்ன வேலை, சட்டம் எங்கே துணை நிற்கிறது என்பதைப் பார்ப்போம்.

பாடசாலைக்கும் லயத்துக்கும் நடுவில் இந்த இடைவெளி எப்படி வந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது பெற்றோரின் அக்கறையின்மையால் வந்தது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்டத் துரையிடம் கொடுத்தது. பாடசாலை துரையின் சொத்து, ஆசிரியர் துரையின் ஆள். கொழுந்தெடுக்கும் ஆள் தேவைப்படும் ஓர் இடத்தில், அந்த ஆட்களின் பிள்ளைகள் எவ்வளவு படிக்க வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரமும் அதே கையில் இருந்தது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோது நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்குத் திறந்த கதவு தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் திறக்கவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்பது 1970களின் பிற்பகுதியில்தான் தொடங்கியது. 1980களில்தான் அது பெருமளவில் நடந்தது. அதாவது, மற்றவர்களைவிட ஒரு தலைமுறை பிந்தி.

அதன் பிறகு இன்னொரு சிக்கல் வந்தது. பாடசாலை மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கையில். லயமும் பாதையும் தண்ணீரும், 1992க்குப் பிறகு, பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில். பிறப்புச் சான்றிதழ், நலன்புரிக் கொடுப்பனவு, சிறுவர் பாதுகாப்பு எல்லாம் பிரதேச செயலகத்தின் கையில். பிரதேச சபை என்று ஒன்று இருந்தும் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் அது செலவு செய்ய இடம் தரவில்லை. அந்தப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. பிள்ளை நடந்து போகும் பாதை உடைந்தால் யாரிடம் சொல்வது என்பதற்கே ஒரு தலைமுறைக்குத் தெளிவான பதில் இருக்கவில்லை. இத்தனை அலுவலகங்களுக்கு நடுவில் ஒரு பிள்ளை விழுந்தால் அது யாருடைய கணக்கிலும் வராது. பிரதேச செயலகத்தைத் தேடிப் போகலாம் என்றால், 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது அம்பகமுவ என்ற ஒரே பிரதேச செயலகப் பிரிவில் மட்டும் 2 இலட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். பல மாவட்டங்களில் அந்த அளவு மக்களுக்கு மூன்று நான்கு செயலகங்கள் இருக்கும்.

வறுமையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு கணக்குப் போதும். 2019ஆம் ஆண்டின் குடும்ப வருமான, செலவினக் கணக்கெடுப்பில் நாடு முழுவதிலும் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 14.3 வீதம், தோட்டத்துறையில் 33.8 வீதம். 2016ஆம் ஆண்டின் சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 17.3 வீதம், தோட்டத்தில் 31.7 வீதம். 2022 பொருளாதார நெருக்கடிக்கு முந்திய கணக்குகள் இவை. முதலாம் தரத்துக்குள் காலடி வைக்கும்போதே மூன்று பிள்ளைகளில் ஒன்று உடம்பளவில் பின்தங்கியிருக்கிறது. ஆகையால் நாம் பேசும் வேலை ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வகுப்பில் தொடங்க முடியாது. அது பிள்ளை மடுவத்தில் தொடங்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலருக்குத் தெரியாது. ஆசிரியர்களிலேயே சிலருக்குத் தெரியாது. 1998 ஜனவரியிலிருந்து 5 முதல் 14 வயது வரை கல்வி கட்டாயம் என்ற ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்தது. 2016இல் அது 16 வயது வரை நீட்டப்பட்டது. அந்த ஒழுங்குவிதியின்படி ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலும் ஒரு பாடசாலை வரவுக் குழு இருக்க வேண்டும். பாடசாலைக்குச் சேராத பிள்ளை யார், சேர்ந்தும் வராத பிள்ளை யார் என்று கண்டறிந்து, பெற்றோரோடு பேசி, திரும்பக் கொண்டுவருவது அதன் கடமை. 2021 தொடக்கத்தில் வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயதும் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. இதைவிட ஒரு தோட்டத்துக்குப் பெரிய பிடிமானம் வேறு தேவையில்லை. நாம் எதுவும் புதிதாகக் கேட்கவில்லை, எழுதி வைத்த ஒன்றை நடத்தச் சொல்கிறோம். உங்கள் பிரிவில் வரவுக் குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று கிராம உத்தியோகத்தரிடமும் அதிபரிடமும் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், அமைத்துத் தருமாறு பிரதேச செயலாளருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் ஒரே கடிதத்தை இரண்டு பிரதியாக அனுப்பலாம். நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த என்று ஐந்து கல்வி வலயங்கள் உண்டு. தோட்டம் எந்த வலயத்தில் இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், அலைச்சல் மிச்சம்.

குழு இருந்தால் மட்டும் போதாது. இந்த வேலையின் சிரமம் முழுவதும் சின்னச் சின்ன விஷயங்களில் இருக்கிறது. ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஏழாம் தரத்துப் பையன் நான்கு நாளாக வரவில்லை. டீச்சர் லயத்துக்குப் போகிறார்.

"என்னம்மா, தம்பிய நாலு நாளாக் காணோமே?"

"சின்னதுக்குக் காய்ச்ச மிஸ். காய்ச்சப் பிள்ளைய மடுவத்துல எடுக்க மாட்டாங்க. நான் வேலைக்குப் போகலேன்னா பேர் இல்ல. அதான் இவன நிப்பாட்டிட்டேன்."

எந்த லயத்திலும் நடக்கும் பேச்சுத்தான். இந்தத் தாயிடம் கல்வியின் பெருமையைப் பேசி என்ன பயன்? அவருக்குத் தெரியாததையா நாம் சொல்லப்போகிறோம்? தோட்டத்தில் 'பேர்' என்று சொல்லும் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான் விழும். நான்கு நாள் நின்றால் அந்த மாதத்து அரிசி போச்சு. பையனை நிறுத்தியது பொறுப்பில்லாத முடிவல்ல, அவர் கையில் இருந்த ஒரே வழி அது. அந்த லயத்திலேயே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாயி, காய்ச்சல் பிள்ளையைப் பகலில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தால் பையன் நாளைக்கே வகுப்புக்குப் போய்விடுவான். அப்படி இரண்டு மூன்று பேரைப் பேசி வைத்துக்கொள்வது மாதர் சங்கத்துக்கோ மடுவத்துப் பொறுப்பாளருக்கோ ஒரு நாள் வேலை. அதிபரால் அதைச் செய்ய முடியாது. அவருக்கு அந்த அம்மாயியின் பெயர்கூடத் தெரியாது. அந்த லயத்தில் அரிச்சுவடி தெரியாத ஒருவரால் முடியும்.

அதனால்தான் பெற்றோர் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் எல்லாப் பாடசாலையிலும் உண்டு. கூட்டம் பெரும்பாலும் வேலை நாளில், காலை பத்து மணிக்கு. கொழுந்து மலையில் நிற்கும் அம்மா அந்தக் கூட்டத்துக்கு வர வேண்டுமானால் ஒரு நாள் பேரை விட வேண்டும். வராவிட்டால் அக்கறையில்லாத பெற்றோர் என்ற பெயர் கிடைக்கும். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், அல்லது மாலை ஐந்து மணிக்கு மேல் லயத்துக்கு அருகில், கோயில் மண்டபத்தில் வையுங்கள். பாடசாலை மலை உச்சியிலும் லயம் பள்ளத்திலும் இருந்தால் டிவிஷனுக்கு ஒரு கூட்டம் வைக்கலாம். முதல் அரைமணி நேரம் கணக்கு வாசிப்பதையும் சந்தா கேட்பதையும் தள்ளிவைத்துவிட்டு, "உங்க பிள்ளை வீட்டுல எங்க உக்காந்து படிக்குது?" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். பணம் கேட்கும் கூட்டத்துக்கு ஒருமுறை வந்தவர் மறுமுறை வரமாட்டார். பிள்ளையைப் பற்றிக் கேட்ட கூட்டத்துக்கு வருவார்.

அந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் அடுத்த வேலையைத் தாமே காட்டிவிடும். பாடசாலை பகல் ஒன்றரைக்கு விடுகிறது. அம்மா மலையிலிருந்து இறங்கிக் கொழுந்து நிறுத்து வீடு வர நாலரை, ஐந்து. இடையில் மூன்று மணி நேரம் பிள்ளை தனியே. ஒரே காம்பராவில் ஆறு பேர், மேசை கிடையாது, தொலைக்காட்சி ஓடும், சில வீடுகளில் மாலையானால் சாராயமும் சண்டையும். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்ததற்காக மறுநாள் வகுப்பில் எழுப்பி நிறுத்தப்படும் பிள்ளைதான் அதற்கடுத்த நாள் வராமல் போகிறது. ஆகவே ஒவ்வொரு டிவிஷனிலும் விளக்கு எரியும், கூரை ஒழுகாத, நாலு மேசை போட்ட ஓரிடம் வேண்டும். பிள்ளை மடுவம் மாலையில் சும்மாதான் கிடக்கிறது. கலாசார மண்டபம் இருக்கிறது. வாசிகசாலை என்று பலகை மாட்டிப் பூட்டி வைத்த அறைகளும் உண்டு. துரையிடம் சாவி கேட்பது தோட்டத் தலைவர் செய்யக்கூடிய காரியம். சம்பளப் பேச்சுவார்த்தைக்கு முன்னால் நிற்கும் தொழிற்சங்கங்கள் இந்தச் சாவிக்கும் நிற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அங்கே யார் சொல்லிக் கொடுப்பது? உயர்தரம் முடித்து முடிவுக்காகக் காத்திருக்கும் அண்ணன்களும் அக்காக்களும் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் கொரோனாவுக்குப் பின் 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்துப் பக்கம் தொடங்கிவைக்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் இப்படித்தான் நடந்தது. ஏறத்தாழ 2 இலட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அதே தெருவைச் சேர்ந்த பெண்கள், மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அதை அளந்து பார்த்த கார்த்திக் முரளிதரன் முதலான ஆய்வாளர்கள், பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கணித்தார்கள். பட்டதாரி ஆசிரியரும் பெரிய கட்டிடமும் இல்லாமல், படிப்பில் கொஞ்சம் முன்னால் போன ஒருவர் தன் தெருப் பிள்ளைக்குத் தினமும் நேரம் ஒதுக்கியதன் பலன் அது.

நம் மலையகத்திலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. மஸ்கெலியாவில் 2010இலிருந்து இயங்கும் 'டீ லீஃப் விஷன்' தோட்டத்து இளைஞர்களுக்கு ஆங்கிலமும் தொழில்திறனும் கற்பிக்கிறது, அங்கே படிப்பவர்கள் தங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குத் திரும்பக் கற்றுக்கொடுப்பதும் அந்தப் படிப்பின் ஒரு பகுதி. ஹட்டனை மையமாகக் கொண்ட பிரிடோ நிறுவனம் நெடுங்காலமாகத் தோட்டங்களில் முன்பள்ளிகளை நடத்தி வந்திருக்கிறது. அதற்கும் முன்னால் போனால், 1960களில் ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் கற்பித்து, பின்னர் அதன் அதிபராகவும் இருந்த இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்கள் வகுப்பறையோடு நின்றுவிடவில்லை. இளைஞர்களைத் திரட்டினார்கள், படித்தவன் தன் தோட்டத்துக்குக் கடமைப்பட்டவன் என்ற எண்ணத்தை ஊட்டினார்கள். அந்தத் தலைமுறையிலிருந்து வந்த ஆசிரியர்களும் எழுத்தாளர்களும்தான் பின்னாளில் மலையகக் கல்வியைத் தோளில் தூக்கினார்கள். 1980களில் சுவீடன் உதவியோடு வந்த பெருந்தோட்டப் பாடசாலைகள் அபிவிருத்தித் திட்டமும், ஜெர்மன் உதவியோடு பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் கட்டிடத்தையும் பயிற்சி பெற்ற ஆசிரியரையும் கொண்டுவந்தன. கட்டிடமும் ஆசிரியரும் வெளியிலிருந்து வரலாம். பிள்ளையைக் காலையில் எழுப்பி அனுப்பும் ஏற்பாடு வெளியிலிருந்து வராது.

தோட்டத்துக்கு ஏற்பாடு செய்யத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. மாரியம்மன் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு வரி பிரித்து, கணக்கு எழுதி, பொங்கலுக்கு ஆள் பிரித்து, தேருக்கு வடம் பிடிக்க ஆள் நிறுத்தி, பாதுகாப்புக்கு இளைஞர்களைப் போட்டுப் பத்து நாள் நடத்துகிறார்கள். மரண உதவிச் சங்கம் நள்ளிரவிலும் பணத்தோடு வந்து நிற்கும். அதே கோயில் கமிட்டி, அதே உதவிச் சங்கம் ஆண்டுக்கு ஒரு சிறு தொகையைப் பஸ் சீசனுக்கும் சப்பாத்துக்கும் என்று ஒதுக்கி வைத்தால் போதும். தேவைப்படும் பிள்ளைக்கு அது மேடையில்லாமல், படமில்லாமல், அதிபர் வழியாகச் சத்தமின்றிப் போய்ச் சேர வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளையை வரிசையில் நிறுத்தி எல்லோர் முன்னாலும் சப்பாத்து கொடுத்துப் படம் பிடித்தால், அந்தப் படத்துக்குப் பயந்தே அது மறுநாள் வராமல் போகலாம். இதைப் பார்த்தவர்கள் மலையகத்தில் நிறையப் பேர்.

காகிதப் பிரச்சினை இன்னொன்று. பார்க்கச் சின்னது, விளைவு பெரியது. சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும், அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, பாடசாலைப் பதிவில் வேறு மாதிரி இருக்கும். அப்பாவின் முதலெழுத்து மாறியிருக்கும். சிலருக்குப் பதிவே இருக்காது. பதினோராம் தரத்தில் அவசரமாக ஓடித் திரிந்து, செயலகத்தில் வேறொரு நாளைக்கு வரச்சொல்லி, அம்மா இரண்டு பேர் இழந்து, கடைசியில் "அடுத்த வருசம் எழுதலாம்" என்று வீட்டில் முடிவாகும். அந்த அடுத்த வருடம் பெரும்பாலும் வராது. ஆறாம் தரத்திலேயே எல்லாப் பிள்ளைகளின் சான்றிதழையும் ஒரு சனிக்கிழமை பார்த்துவிடலாம். செயலகத்தில் வேலை பார்க்கும் அல்லது சிங்களம் நன்றாகத் தெரிந்த பழைய மாணவர் ஒருவர் இந்த ஒரு வேலையை மட்டும் ஏற்றுக்கொண்டால் அது பத்துப் பரிசளிப்பு விழாவுக்குச் சமம்.

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1968இல் ஜேம்ஸ் கோமர் என்ற மனநல மருத்துவர், மிகவும் பின்தங்கியிருந்த இரண்டு பாடசாலைகளில் ஒரு முறையைத் தொடங்கினார். அதிபர், ஆசிரியர், பெற்றோர், மனநலப் பணியாளர் எல்லோரும் ஒரே குழுவாக உட்காருவார்கள். அந்தக் குழுவின் விதிகளில் ஒன்று, பிரச்சினையைத் தீர்க்கும்போது யார் மீதும் குற்றம் சுமத்தக்கூடாது என்பது. எனக்கு அந்த ஒரு விதி மிக முக்கியமாகப் படுகிறது. நம் கூட்டங்களில் பெற்றோரைப் பற்றி ஆசிரியரும், ஆசிரியரைப் பற்றிப் பெற்றோரும், இருவரைப் பற்றித் தலைவரும் பேசி முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. வராத பிள்ளையின் பெயரை எடுத்து, "இந்தப் பிள்ளைக்கு இந்த வாரம் யார் என்ன செய்கிறோம்?" என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளும் கூட்டம் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும்.

கவனமாக இருக்க வேண்டிய ஓரிடமும் உண்டு. பிள்ளைகளோடு தனியே பழக வெளியாட்களுக்குக் கதவைத் திறந்துவிடும் ஏற்பாடு எதுவாக இருந்தாலும் அதில் பாதுகாப்பு முதலில் வர வேண்டும். மாலை வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக, எல்லோருக்கும் தெரிந்தவராக இருக்க வேண்டும். பிள்ளையின் வீட்டுக் கதையைக் குழுவுக்கு வெளியே பேசக்கூடாது. வீட்டு வேலைக்கு ஆள் தேடும் தரகர் லயத்துக்கு வந்தால் அது பாடசாலைக்கு அன்றே தெரிய வேண்டும். 2021 ஜூலையில் டயகம பகுதிச் சிறுமி ஒருத்தி கொழும்பில் வேலைக்கிருந்த வீட்டில் தீக்காயங்களுக்கு உள்ளாகி இறந்தபோது நாடே பேசியது. அப்படிப் போகும் பிள்ளை போவதற்கு முன் சில வாரங்கள் வகுப்பில் இல்லாமல் இருந்திருக்கும் என்பதை நாம் மறக்கக்கூடாது. வன்முறை, துஷ்பிரயோகம் என்று சந்தேகம் வந்தால் குழுவாகப் பேசிச் சமாதானம் செய்யும் வேலையே கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்க வேண்டும், செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் மக்கள் செய்துகொள்வார்கள் என்று அரசாங்கம் ஒதுங்கிக்கொள்ள இடம் கொடுக்கவும் கூடாது. தமிழ் மொழியில் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் ஆசிரியர் இல்லாத பாடசாலைக்கு எந்த மாலை வகுப்பும் ஈடாகாது. ஐந்தாம் தரத்தோடு நிற்கும் பாடசாலையை உயர்த்துவதும், விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலையைக் கிட்டத்தில் கொண்டுவருவதும் அமைச்சின் வேலை. சமூகம் இங்கே செய்யக்கூடியது ஒன்றுதான்: எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதமாக ஆசிரியர் இல்லை என்பதை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டக் குறிப்பில் எழுதி, தவணைக்கு ஒருமுறை வலயத்துக்கு அனுப்பி, பதில் கடிதத்தைக் கூட்டத்தில் வாசிப்பது. வாய்ச்சொல்லாகப் போன முறைப்பாடு போன இடம் தெரியாது. திகதியிட்ட மூன்று கடிதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சாதாரண தரத்தில் கணிதம் தவறிய பிள்ளைக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்ற எண்ணமும் இன்னும் லயங்களில் இருக்கிறது. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் கீழ், தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் சாதாரண தரச் சித்தி இல்லாமலும் 12ஆம் தரத்தில் தொழிற்கல்விப் பிரிவில் சேரலாம். ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. பெறுபேறு வந்த அந்த வாரமே இந்தச் செய்தி வீட்டுக்குப் போக வேண்டும், ஏனென்றால் கொழும்புக் கடைக்கு ஆள் கேட்டு வரும் அழைப்பும் அந்த வாரத்தில்தான் வரும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஐந்தாம் தரத்திலிருந்து ஆறாம் தரத்துக்குப் போகும் இடத்தில் என்பேன். தோட்டத்துச் சின்னப் பாடசாலை ஐந்தோடு முடிகிறது. ஆறுக்கு நகரத்துப் பக்கம் போக வேண்டும், மூன்று நான்கு மைல், புது முகங்கள், பஸ் காசு. இந்தத் தாவலில் காணாமல் போகும் பிள்ளைகளை எந்தப் பாடசாலையின் இடாப்பும் காட்டாது. பழைய பாடசாலை விடுகைப் பத்திரம் கொடுத்துவிட்டது, புதிய பாடசாலை பெயரையே எழுதவில்லை. ஆண்டு முடியும்போது ஐந்தாம் தரப் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். புது ஆண்டு தொடங்கி இரண்டாம் வாரத்தில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்தப் பாடசாலை என்று நிரப்புங்கள். நிரப்பப்படாமல் நிற்கும் பெயர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். அந்த வீடுகளுக்கு ஒரு மாலையில் நடந்துவிடலாம். போகும்போது அந்தக் குடும்பத்துக்கு முறையான ஒருவரும், அந்தப் பாதையில் தினமும் நடந்து படித்த ஒரு பழைய மாணவரும் சேர்ந்து போவது நல்லது. அதிபரையோ உத்தியோகத்தரையோ முதல் நாளே அழைத்துப் போனால் வீட்டார் பயந்து, நாளைக்கு அனுப்புகிறோம் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பிள்ளை எந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும், கூட யார் வருவார், முதல் மாதச் சீசனுக்குப் பணம் எங்கிருந்து என்ற மூன்றுக்கும் பதிலோடு போங்கள்.